பொன்னாடை வேண்டாம்

“ஒரு பொன்னாடை, அவ்வளவுதான் எமில். மிச்சத்தை ஊர் பாத்துக்கொள்ளும்.”

கனகலிங்கம் சொல்லிக்கொண்டே ஒலிபெருக்கிப் பெட்டியை மேடையோரமாக நகர்த்தினார். வடமராட்சியில் கோயில் திருவிழாவோ, பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கோ, விளையாட்டுப் போட்டியோ, எது நடந்தாலும் ‘கனகா சவுண்ட்ஸ்’ அங்கே வயர் இழுத்திருக்கும். அந்த மேடைகளில் பெரும்பாலும் எமில்ராஜின் குரல்தான் அறிவிக்கும். இருவரும் பழைய சிநேகிதர்கள்.

எமில்ராஜ் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலைப் பார்த்தான். மறுநாள் கரவெட்டியில், இதே சனசமூக நிலைய மைதானத்தில் விழா. வீட்டுக்குள் பெண்கள் வாங்கும் அடி உதையைப் பற்றி ஊரோடு பேசுவதற்காக மாதர் சங்கம் எடுக்கும் விழா. முக்கிய நிகழ்ச்சி, சங்கத்துப் பெண்கள் ஆடும் கும்மி. அதில் நடுவில் நின்று ஆடப்போகிறவள் கனகலிங்கத்தின் தங்கை உதயகலா.

“இதிலை பொன்னாடை எண்டு ஒண்டும் போடேல்லையே அண்ணை.”

“போடாட்டி? பொன்னாடை இல்லாமல் எங்கடை ஊரிலை ஒரு மேடை முடிஞ்சிருக்கோ? போன கிழமை முன்பள்ளிப் பிள்ளைக்கும் போர்த்தினாங்கள். அது போர்வையாக்கும் எண்டு நினைச்சு மேடையிலேயே நித்திரையாப் போச்சு.”

எமில்ராஜ் சிரித்துவிட்டான். “சரி, ஆர் போர்த்துறது?”

“பார்த்தீபன் மாஸ்ரர்.”

சிரிப்பு நின்றது. “உதயாவின்ரை புருசனோ? அவை பிரிஞ்செல்லோ இருக்கினம்?”

“அதுக்குத்தானே சொல்லுறன். ஆட்டம் முடிஞ்ச கையோடை நீ கூப்பிடு. ‘அவரது அன்புக் கணவர் பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பார்’ எண்டு உன்ரை குரலிலை ஒருக்காச் சொல்லு. சபை கைதட்டும். அவள் கழுத்தைக் குனிஞ்சு வாங்கினால் விசயம் முடிஞ்சுது. ஊர் பாக்கச் சேர்ந்திட்டினம் எண்டு ஆகியிடும். பொழுதுபட முந்தி எங்கடை ஆக்களே கூட்டிக்கொண்டுபோய் வீட்டிலை விட்டிடுவினம்.”

“உதயாவிட்டைக் கேட்டனீங்களோ?”

“கேட்டால் மாட்டன் எண்டுவாள்.”

எமில்ராஜ் தலையைச் சொறிந்தான். ஆனால் கனகலிங்கம் அண்ணை கேட்டு அவன் எதையும் மறுத்ததில்லை.

தங்கையின்மேல் கனகலிங்கம் உயிரையே வைத்திருந்தார். அவளுக்குக் கலியாணம் செய்துவைத்ததும் அவர்தான். ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. தகப்பன் கட்டிய கல்வீட்டை உதயகலாவின் பெயரில் சீதனமாக எழுதினார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தார். மாப்பிள்ளை சாதாரண ஆள் இல்லை, உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணிதம் படிப்பிக்கும் பார்த்தீபன் மாஸ்ரர். முற்றத்தில் தகரக் கொட்டகை போட்டு ரியூசன் வகுப்பு நடத்தினார். அவருடைய பிள்ளைகள் பொறியியல் பீடத்துக்குப் போனார்கள். தெருவில் அவரைக் கண்டால் தாய்மார் ஸ்கூட்டியை நிறுத்தி வணக்கம் சொன்னார்கள்.

சித்திரை மாதம் ஒரு காலையில் உதயகலா கையில் ஒரு பையோடு அண்ணன் வீட்டு வாசலில் நின்றாள். “அடிக்கிறார் அண்ணை. இனி அங்கை போகமாட்டன்” என்றாள். கனகலிங்கம் ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார். எந்தக் குடும்பத்திலைதான் இல்லை, கோபத்தில் ஒரு தரம் கை நீட்டியிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்படியே கார்த்திகையும் வந்துவிட்டது. வீட்டுக்காரி அண்ணன் வீட்டின் ஓர் அறையில். வந்த மாப்பிள்ளை அவள் வீட்டு விறாந்தையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு.

இதற்குள் ஊரும் சும்மா இருக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை குணலட்சுமி வந்திருந்தாள். மகள் மாஸ்ரரின் வகுப்பில் படிக்கிறாள். தினமும் பின்னேரம் மகளை ஏற்றிக்கொண்டு வந்து, வகுப்பு முடியும்வரை வாசல் கேற்றடியில் ஸ்கூட்டியில் காத்திருக்கிற தாய்மாரில் ஒருத்தி.

“அண்ணை, சோதினை வருது. மாஸ்ரருக்கு மனம் சரியில்லையாம். பாதி வகுப்பிலை எழும்பிப் போறாராம். உங்கடை தங்கச்சி கொஞ்சம் பொறுத்துப் போனால் எங்கடை பிள்ளையள் கரைசேர்ந்திடுங்கள்.”

அறைக்குள்ளிருந்து உதயகலா வந்தாள். நெற்றியில் வியர்வை. கும்மியின் அடிகளைத் தனியே நின்று ஆடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்கடை மகளின்ரை கணக்குக்கு என்ரை முதுகோ அக்கா விடை?”

குணலட்சுமியின் முகம் மாறியது. “நான் அப்பிடிச் சொல்லேல்லை பிள்ளை” என்று முணுமுணுத்தபடி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். தங்கையின் வாய் நீண்டுவிட்டது என்று கனகலிங்கத்துக்கு எரிச்சல். அன்றைக்குத்தான் பொன்னாடை யோசனை பிறந்தது.

மேடை வேலை முடிந்ததும் அவர் நிலையத்து மண்டபத்தை எட்டிப் பார்த்தார். உள்ளே கடைசி ஒத்திகை. நடனம் பழக்கியவள் பள்ளிக்கூட நடன ஆசிரியை நிரோஜா. நெல்லியடிச் சந்தையில் மரக்கறி விற்கும் நாகேஸ்வரி, மையால் மீசை வரைந்து, வேட்டி கட்டி, கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தாள்.

“ஓ, நாகேஸ் அக்காவோ புருசன்?” என்று கேட்டார் கனகலிங்கம்.

“சீ, அந்த வேலைக்கு நான் போவனோ? நான் விருந்தாளி. வந்து ரீ குடிச்சிட்டு, நாலு புத்தி சொல்லிப்போட்டுப் போற மனுசன். உங்களை மாதிரி.”

பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள்.

“அப்ப புருசன் ஆர்?”

“புருசன் வேசத்துக்கு ஆள் வைக்கேல்லை அண்ணை” என்றாள் நிரோஜா. “அடிக்கிறவனைக் காட்டினால் சனம் அவனைத்தான் பாக்கும். எங்களுக்கு அவளைப் பாக்கோணும்.”

கனகலிங்கத்துக்கு அது அவ்வளவாகப் பிடிபடவில்லை. உதயகலா வாசல்வரை வந்தாள். இத்தனை மாதத்தில் அவள் முகத்தில் இப்படி ஒரு தெளிவை அவர் கண்டதில்லை.

“அண்ணை, நாளைக்கு வயரைப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. என்ரை ஆட்டத்தைப் பாருங்கோ.”

“பாக்காமல்?” என்றார். மனதுக்குள் பொன்னாடையை நினைத்துச் சிரித்துக்கொண்டார்.

மறுநாள் பின்னேரம் நாலு மணிக்கே மைதானம் நிறைந்துவிட்டது. கதிரை காணாமல் மதிலில் ஏறி இருந்தார்கள். ஐஸ்கிறீம் வான் ஒன்று பாட்டுப் போட்டபடி வந்து கேற்றடியில் நின்றது. கனகலிங்கம் போய்ப் பாட்டை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார். முன்வரிசையில் வெள்ளைச் சேட்டும் நீளக் காற்சட்டையுமாகப் பார்த்தீபன். மடியில் பொலித்தீன் பையில் பொன்னாடை பளபளத்தது.

“நல்ல யோசினை மச்சான்” என்றார் பார்த்தீபன். “நாலு பேருக்கு முன்னாலை எண்டால் அவளும் மூஞ்சையைத் தூக்கமாட்டாள்.”

அந்தச் சொல் கனகலிங்கத்துக்குச் சற்று உறுத்தியது. ஆனால் அதற்குள் எமில்ராஜ் நடனத்தை அறிவித்துவிட்டான். அவர் ஓடிப்போய் மேடையின் பக்கத்திலிருந்த மேசையில், ஒலி மிக்ஸருக்குப் பின்னால் அமர்ந்தார்.

வாடாமல்லிச் சேலை கட்டிய பெண்கள் வட்டமாக வந்தார்கள். மேளமில்லை, ஆர்மோனியம் இல்லை. கைகளும் குரல்களும்தான். கும்மி தொடங்கியது. குனிந்து ஒரு தட்டு, நிமிர்ந்து ஒரு தட்டு. கரவெட்டிச் சனத்துக்குக் கும்மி கேட்டால் கை சும்மா இருக்காது. இரண்டாம் சுற்றிலேயே சபை முழுதும் சேர்ந்து தட்டத் தொடங்கிவிட்டது. நடுவில் உதயகலா கோலம் போடுகிறாள், அரிசி புடைக்கிறாள், கொடியில் உடுப்புக் காயப்போடுகிறாள். கைக்கும் காலுக்கும் அப்படி ஒரு வேகம், அப்படி ஒரு வடிவு.

தட்டு விழுந்தது. உதயகலாவின் தோள் ஒடுங்கியது.

மறுபடி தட்டு. அவள் முகம் பக்கவாட்டில் திரும்பியது, யாரோ அறைந்தாற்போல.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. அது நடனத்தின் ஓர் அடவு என்றே நினைத்தார்கள். சபை உற்சாகமாகத் தட்டிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தட்டுக்கும் அவள் ஓரடி பின்னால் போனாள். ஒரு தட்டுக்கு வயிற்றைப் பிடித்தாள். ஒரு தட்டுக்குத் தரையில் விழுந்தாள். விழுந்தவள் தலையைத் தூக்கிச் சபையைப் பார்த்தாள். தட்டிக்கொண்டிருந்த ஆயிரம் கைகளைப் பார்த்தாள்.

அங்கொன்று இங்கொன்றாகக் கைகள் நின்றன. பெண்கள் பக்கம் முதலில் அடங்கியது. பிறகு பின்வரிசை. கடைசியாக மதிலில் இருந்த ஒருவர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். அவரும் தன் கைகளைத் தானே பார்த்துவிட்டு மடியில் வைத்துக்கொண்டார். மைதானத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அந்த அமைதிக்குள் வட்டத்துப் பெண்கள் பாடினார்கள்.

வாசல் தெளிச்ச வீட்டுக்குள்ளே – ஒரு
வார்த்தை நொறுங்குது கேட்டீரோ?
வேலிக்கு இப்பால் நிண்டுகொண்டு – அது
வேற்றுக் கதையென்று போனீரோ?

கனகலிங்கம் மிக்ஸரில் பெண்களின் குரலைச் சற்று ஏற்றினார். ‘எவ்வளவு கெட்டிக்காரி’ என்றுதான் அப்போதும் நினைத்தார். நடிக்கிறாள் என்றுதான் நினைத்தார்.

அடுத்ததாக நாகேஸ்வரி மீசையோடு வந்தாள். கண்ணாடியைக் கழற்றி ஊதித் துடைத்து, கதிரையைத் தட்டிப் பார்த்து, வேட்டியைச் சரிசெய்து அமர்ந்த விதத்தில் இறுகிப்போயிருந்த சபை வெடித்துச் சிரித்தது. கனகலிங்கமும் சிரித்தார். உதயகலா தேநீர்க் கோப்பையோடு வந்தாள். சேலைத் தலைப்பு வலது கையை மூடியிருந்தது. கோப்பையை இடது கையால் நீட்டினாள்.

“பெரிய ஆளுக்கு இடக்கையாலையோ தாறது?” என்று அதட்டினாள் நாகேஸ்வரி. “அம்மா உப்பிடியோ வளர்த்தவ?”

சபை இன்னும் சிரித்தது. கனகலிங்கத்தின் சிரிப்பு பாதியில் நின்றது.

அது அவருடைய வார்த்தை.

முந்தின வருடத் தைப்பொங்கல். தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். கரும்பு, பழம், புதுச்சேலை எல்லாம் கொண்டுபோயிருந்தார். உதயா தேநீரை இடது கையால் நீட்டினாள். நல்லநாளும் பெருநாளுமாக இதென்ன பழக்கம் என்று இதே சொற்களால் ஏசினார். பக்கத்திலிருந்த பார்த்தீபன் சிரித்தபடி, “எத்தினை தரம் சொல்லியாச்சு மச்சான், உங்கடை தங்கச்சிக்கு” என்றார்.

மேடையில் உதயகலா கோப்பையை வலது கைக்கு மாற்றினாள். வலது கை மேலே எழவில்லை. இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையைத் தூக்கி, கோப்பையை மரியாதையாக நீட்டினாள். முகத்தில் சிரிப்பு. கண்ணில் நீர். விருந்தாளி திருப்தியாக வாங்கிக் குடித்தார்.

சபையில் ஒரு பெண் “ஐயோ” என்றாள்.

கனகலிங்கத்துக்கு அந்தப் பொங்கல் நாள் முழுதும் நினைவுக்கு வந்தது. அன்றைக்கும் அவள் கையை மாற்றினாள். தேநீர் தளும்பிப் புதுச்சேலையில் கொட்டியது. கவனமில்லை என்று அதற்கும் ஏசினார். சேலைக்கு நீளக் கைச் சட்டை போட்டிருந்தாள், அந்த வெயிலிலும். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தார். எதையும் காணவில்லை. ‘அடிக்கிறார் அண்ணை’ என்று அவள் வாயால் சொன்னபோதும் கேட்காத காது, இப்போது திறந்துகொண்டது. ஒரு தரம் கை நீட்டியதில்லை. கை முறிந்திருக்கிறது. முறிந்த கையோடு அவள் பொங்கல் பொங்கியிருக்கிறாள்.

மேடையில் வட்டம் கலைந்திருந்தது. ஒருத்தி கூட்டிக்கொண்டிருந்தாள், ஒருத்தி தேங்காய் திருவினாள், ஒருத்தி கிணற்றில் தண்ணீர் அள்ளினாள். எல்லோருக்கும் சத்தம் கேட்கிறது. எல்லோரும் முகத்தைத் திருப்புகிறார்கள். பிறகு தண்ணீர் அள்ளியவள் கயிற்றை விட்டாள். நிமிர்ந்தாள். உதயகலாவை நோக்கி ஒரு தட்டுத் தட்டினாள். இந்தத் தட்டு அடி அல்ல, கூப்பிடுகிற தட்டு. கூட்டியவளும் வந்தாள். திருவியவளும் வந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் உதயகலாவின் முதுகு நிமிர்ந்தது. முழங்காலில் எழுந்தாள், காலில் எழுந்தாள். கடைசியில் தன் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, தானே தட்டினாள்.

பிறகு மதில், மரத்தடி, கதிரை வரிசை எல்லாம் எழுந்து நின்றன. இத்தனை வருட மேடைத் தொழிலில் அப்படி ஒரு கைதட்டலைக் கனகலிங்கத்தின் பெட்டிகள் கேட்டதில்லை.

“ஆரப்பா உந்தப் பிள்ளை?” என்றார் பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர்.

“என்ரை தங்கச்சி” என்றார் கனகலிங்கம். தேவைக்கு மேல் சத்தமாகவே சொன்னார். இன்னொரு தரமும் சொன்னார். “என்ரை சொந்தத் தங்கச்சி ஐயா.”

அப்போதுதான் முன்வரிசையில் பொலித்தீன் பை சரசரத்தது.

பொன்னாடை!

கனகலிங்கம் பதறி எழுந்தார். எமில்ராஜ் மேடையின் மறுகோடியில் நின்றான். நடுவில் எழுந்து நிற்கும் சனம். அவர் இரண்டு கைகளையும் தூக்கி, வேண்டாம் வேண்டாம் என்று ஆட்டினார். எமில்ராஜ் பார்த்தான். தலையாட்டினான். அண்ணை ‘இதுதான் நேரம், கூப்பிடு’ என்கிறார் என்று எடுத்துக்கொண்டு, மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

“இந்த இனிய வேளையிலே, எம் உள்ளங்களை உருக்கிய உதயகலா அவர்களுக்கு, அவரது அன்புக் கணவர், கணித ஆசான் பார்த்தீபன் அவர்கள் பொன்னாடை போர்த்தி…”

கனகலிங்கம் மிக்ஸரில் மைக்கின் சத்தத்தை அடியோடு இறக்கினார். எமில்ராஜின் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. ஆனால் பிந்திவிட்டது. பார்த்தீபன் படியேறிக்கொண்டிருந்தார். பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி, சபையைப் பார்த்துச் சிரித்தபடி. பழக்க தோஷத்தில் சிலர் கைதட்டினார்கள். மேடைக்குக் கீழே நின்ற கனகலிங்கத்தின் உறவுக்காரப் பெண் ஒருத்தி, “குனி பிள்ளை, குனி. நல்ல காரியம்” என்றாள்.

உதயகலா எமில்ராஜைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். பிறகு மிக்ஸர் மேசையைப் பார்த்தாள். அண்ணனின் முகத்தில் என்ன கண்டாளோ, அவள் தாடை இறுகியது.

“கழுத்தைக் குனி” என்றார் பார்த்தீபன், சிரிப்பு மாறாமல், பல்லுக்கிடையால்.

உதயகலா ஓரடி பின்னால் போனாள். நடனத்தில் போனதுபோல் அல்ல. நிமிர்ந்து, நிதானமாக. எமில்ராஜிடம் கையை நீட்டினாள். அவன் மைக்கைக் கொடுத்தான். அவள் அதைத் தட்டிப் பார்த்தாள். சத்தம் இல்லை.

மறுபடி அண்ணனைப் பார்த்தாள். இம்முறை கேள்வியாக.

கனகலிங்கத்தின் விரல் மிக்ஸரில் நின்றது. மைக்கை ஏற்றினால் குடும்ப விசயம் கரவெட்டி முழுக்கக் கேட்கும். நாளைக்கு நெல்லியடிக்கும் கேட்கும். அவர் அதைப் பற்றி யோசித்தது ஒரு கண நேரம்தான். பிறகு ஏற்றினார். முழுதாக ஏற்றினார்.

“மன்னிக்க வேணும்.” அவளுடைய குரல் நாலு பெட்டியிலும் எழுந்து மதிலைத் தாண்டிப் போனது. “எனக்குப் பொன்னாடை வேண்டாம்.”

பார்த்தீபன் சபைப்பக்கம் திரும்பி, “வெக்கப்படுறா” என்றார். ஓரிரண்டு பேர் சிரித்தார்கள்.

“வெக்கம் இல்லை. வெக்கப்பட்டுத்தான் ஆறு வருசம் வாய் திறக்காமல் இருந்தனான். இப்ப நாங்கள் ஆடினதிலை புருசன் வேசத்துக்கு ஆளைக் காணேல்லை எண்டு கொஞ்சப் பேர் தேடியிருப்பியள். தேடவேண்டாம். அந்த ஆள் முன்வரிசையிலை இருந்து பாத்தவர். இப்ப மேடையிலை நிக்கிறார்.”

யாரும் சிரிக்கவில்லை. பார்த்தீபனின் கையில் பொன்னாடை தொங்கியது.

“மச்சான்!” என்று கத்தினார் அவர். “மைக்கை நிப்பாட்டுங்கோ! இவளுக்கு மண்டை பிழைச்சுப்போச்சு.”

சபை முழுதும் கனகலிங்கத்தைத் திரும்பிப் பார்த்தது. அவர் கதிரையில் நன்றாகச் சாய்ந்து அமர்ந்தார்.

“மைக் நல்லா வேலை செய்யுது மச்சான். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ.”

மைதானம் ஆர்ப்பரித்தது. உதயகலாவின் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து போனது.

“நான் இருக்கிறது அண்ணை வீட்டிலை. இவர் இருக்கிறது என்ரை வீட்டிலை. என்ரை அப்பா எனக்கெண்டு கட்டின வீடு. இண்டைக்கு நான் என்ரை வீட்டை போறன். மாஸ்ரர், நீங்கள் அங்கையிருந்து வெளிக்கிடுங்கோ.”

பார்த்தீபன் அசையாமல் நின்றார். மேடையின் பின்புறத்திலிருந்து மீசையோடு நாகேஸ்வரி வந்து அவருக்கு எதிரே நின்றாள். அவளுக்குப் பின்னால் மற்றப் பெண்களும் வந்து வரிசையாக நின்றார்கள்.

“இவருக்கு விளங்கேல்லையோ? கணக்கு மாஸ்ரருக்கே விளங்கப்படுத்த வேண்டியிருக்கு” என்றாள் நாகேஸ்வரி. “படி அந்தப் பக்கம்.”

அவர் இறங்கினார். தன் மாணவர்கள் நின்ற பக்கமாகத்தான் போகவேண்டியிருந்தது. ஒருவரும் வணக்கம் சொல்லவில்லை. வழி மட்டும் விட்டார்கள். சற்று நேரத்தில் மோட்டார்சைக்கிள் கிளம்பும் சத்தம் கேட்டது.

விழாவுக்கு வந்திருந்த பிரதேச செயலக மகளிர் பகுதி உத்தியோகத்தர் மேடைப்படியிலேயே உதயகலாவைப் பிடித்துக்கொண்டார். “நாளைக்குக் காலமை நீதிமன்றத்துக்குப் போவம். பாதுகாப்புக் கட்டளை எடுத்தால் அவர் அந்தக் கேற்றடிக்கும் வரேலாது. இண்டைக்கே நான் பொலிசுக்கும் சொல்லிவைக்கிறன். ஒண்டு மட்டும் கேக்கோணும் பிள்ளை, ஆராவது சாட்சி சொல்லுவினமோ?”

உதயகலா பதில் சொல்லுமுன் பக்கத்தில் ஒரு குரல் கேட்டது.

“நான் சொல்லுவன்.”

குணலட்சுமி. கையில் ஸ்கூட்டிச் சாவி.

“நாள்தோறும் அந்தக் கேற்றடியிலை நிண்டனான். மாஸ்ரர் பிள்ளையளுக்குக் கணக்கைக் குடுத்திட்டு உள்ளுக்கை போவார். சத்தம் கேக்கும். பிறகு வந்து கையைத் துடைச்சுப்போட்டுப் படிப்பிப்பார். நான்…” அவள் சாவியைக் கையில் இறுக்கிக்கொண்டாள். “கேக்காமல் இருக்கிறதுக்கு ஸ்கூட்டியைக் கொஞ்சம் தள்ளிக்கொண்டுபோய் விட்டிட்டு நிண்டனான் பிள்ளை. எங்கை வந்து சொல்லோணும்?”

“மகளின்ரை சோதினை அக்கா?” என்றாள் உதயகலா.

“கணக்கு எங்கையும் படிக்கலாம்.”

உதயகலா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள்.

கனகலிங்கம் வயரைச் சுற்றாமல், பெட்டியை இறக்காமல், அப்படியே விட்டுவிட்டு வந்திருந்தார். தங்கைக்கு முன்னால் வந்து நின்றார்.

“உதயா, எமிலிட்டைச் சொன்னது நான்தான்.”

“தெரியும் அண்ணை. மேடையிலை நிண்டு உங்கடை முகத்தைப் பாத்தனான்.”

“கோபமோ?”

“இல்லாமல்? நிறைய இருக்கு. என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்.” அவள் கண்ணைத் துடைத்தாள். “ஆனால் மைக்கை ஏத்தினதும் நீங்கள்தானே. வாங்கோ, போவம்.”

வீடு இரண்டு ஒழுங்கை தள்ளித்தான். நடந்தே போனார்கள். வாடாமல்லிச் சேலைப் பெண்கள், மீசை அழியாத நாகேஸ்வரி, நிரோஜா, ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு குணலட்சுமி, பின்னால் கனகலிங்கம். வழியில் ஒவ்வொரு கேற்றடியிலும் ஆட்கள் நின்றார்கள். கோயிலுக்குப் போகிறவர்களைக் கண்டால் விலகி நிற்பதுபோல ஒதுங்கி நின்றார்கள். ஒரு பெண், யாருடைய மனைவி என்று கனகலிங்கத்துக்குத் தெரியும், மதிலுக்கு மேலாகக் கையை நீட்டி உதயகலாவின் தோளைத் தொட்டாள். உதயகலா நின்று, “எங்கடை சங்கம் சனிக்கிழமையிலை கூடுறது அக்கா” என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

கேற் திறந்து கிடந்தது. பார்த்தீபனின் மோட்டார்சைக்கிள் இல்லை. கதவைப் பூட்டக்கூட நிற்காமல், அகப்பட்டதை அள்ளிக்கொண்டு, இணுவிலில் தாய் வீட்டுக்குப் போயிருந்தார். கொடியில் அவருடைய ஒரு சேட்டு மட்டும் மிஞ்சியிருந்தது. தகரக் கொட்டகையின் கரும்பலகையில் பாதிக் கணக்கு நின்றது.

“நில்லு, நான் முதல் உள்ளுக்கை போய்ப் பாக்கிறன்” என்றார் கனகலிங்கம்.

“வேண்டாம் அண்ணை. என்ரை வீட்டுக்கு நான்தான் முதல் போகோணும். நீங்கள் நில்லுங்கோ, நான் கூப்பிடுறன்.”

அவள் படியேறி உள்ளே போனாள். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. விறாந்தையில் லைற் எரிந்தது. பிறகு மண்டபத்தில். பிறகு சாமியறையில். பிறகு குசினியில். சன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. வீடு முழுக்க வெளிச்சம் வந்ததும் நாகேஸ்வரி மெதுவாகச் சொன்னாள்.

“இப்பிடியே ரோட்டிலை கூட்டமாய் நிண்டால் திருவிழா எண்டு நினைச்சு ஐஸ்கிறீம் வான் இஞ்சையும் வந்திடும்.”

அழுதுகொண்டிருந்த குணலட்சுமியும் சிரித்துவிட்டாள்.

உதயகலா வாசலில் வந்து நின்றாள். முகம் கழுவியிருந்தாள். மேடைப் பூச்சு போயிருந்தது.

“எல்லாரும் வாங்கோ உள்ளுக்கை. நிரோஜா ரீச்சர், பருத்தித்துறைக்காரர் தங்கடை ஊரிலையும் வந்து ஆடச்சொல்லிக் கேட்டவை எண்டியள். எப்ப எண்டு இண்டைக்கே முடிவெடுப்பம். அண்ணை, ஏன் கேற்றடியிலை நிக்கிறியள்? உங்களைத்தான் முதல் கூப்பிடுறன், வாங்கோ.”

கனகலிங்கம் செருப்பைக் கழற்றினார். சேட்டுக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். அப்பா கட்டிய வீட்டுக்குள், தங்கையின் விருந்தாளியாக, தலையை நிமிர்த்திக்கொண்டு நுழைந்தார்.

“பருத்தித்துறைக்குப் பெரிய பெட்டியளையே கொண்டுபோவம்” என்றார். “அங்கை கடல் இரையும். உன்ரை குரல் அதுக்கு மேலாலை கேக்கோணும்.”